தங்கையின் மரணமும் ஒரு வைத்தியசாலையின் பிறப்பும்

டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி அம்மையாரின் வாழ்வும் நம் குடும்பங்களுக்கு அது தரும் பாடமும்

1923-ஆம் ஆண்டு. சுந்தராம்பாள் என்னும் இளம் பெண் நோயுற்றுக் கிடந்தாள். அவளுக்கு வந்திருப்பது வயிற்றுக்கடுப்பு என்று முதலில் கூறினார்கள்; அதற்கே மருந்தும் கொடுத்தார்கள். நோய் தணியவில்லை. மலக்குடலில் புற்று வளர்ந்திருக்கிறது என்பது வெளிப்பட்டபோது காலம் கடந்துவிட்டது. அவளுடைய மூத்த சகோதரியோ வைத்தியம் அறியாத பெண் அல்லர். அறுவைச் சிகிச்சையிலும் பிரசவ வைத்தியத்திலும் பெயர் பெற்ற டொக்டர். ஊரார் உயிரையெல்லாம் காத்த அவருடைய கைகள், கூடப் பிறந்தவளின் உயிரைக் காக்க இயலாமல் வெறுமனே நின்றன.

அந்தச் சகோதரிதான் டொக்டர் முத்துலட்சுமி ரெட்டி. அன்று அவர் உள்ளத்தில் விழுந்த காயம் ஆறவில்லை. ஆறவிடவும் அவர் விரும்பவில்லை. முப்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின், 1954-இல், அது சென்னை அடையாற்றில் ஒரு புற்றுநோய் வைத்தியசாலையாக எழுந்து நின்றது.

புதுக்கோட்டையின் மகள்

ஊவா மலைநாட்டில் வாழும் நமக்குப் புதுக்கோட்டை என்பது அந்நியமான பெயர் அன்று. திருச்சி, மதுரை, இராமநாதபுரம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமங்களிலிருந்து மண்டபம் வழியாகக் கடல் கடந்து வந்தவர்களின் பேரர்களே பசறையிலும் லுணுகலையிலும் ஹாலி-எலயிலும் பண்டாரவளையிலும் ஹப்புத்தளையிலும் இன்று வாழ்கிறார்கள். அந்தப் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் 1886-ஆம் ஆண்டு யூலை 30-ஆம் திகதி முத்துலட்சுமி பிறந்தார். தந்தை நாராயணசாமி ஐயர், மகாராஜாக் கல்லூரியின் தலைவர். தாய் சந்திரம்மாள், ஆலயங்களில் ஆடலும் பாடலும் செய்துவந்த இசைவேளாளர் குலத்தவர். அத்தகைய குடும்பத்தில் பெண் கொண்டமைக்காக நாராயணசாமி ஐயரை அவருடைய உறவினர் ஒதுக்கி வைத்தனர். பிறப்பை வைத்து மனிதரை அளக்கும் வழக்கம் எத்துணைக் கொடியது என்பதை முத்துலட்சுமி வீட்டு வாசலிலேயே கற்றுக்கொண்டார்.

அக்காலத்தில் பெண் பிள்ளை பருவம் அடைந்தால் பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டுவிட வேண்டியதுதான். முத்துலட்சுமி வீட்டிலிருந்தபடியே பாடம் படித்து, தனிப்பட்ட முறையில் பரீட்சைக்குத் தோற்றித் தேறினார். பின்பு ஆண்கள் மட்டுமே பயின்ற மகாராஜாக் கல்லூரியில் இடம் கேட்டார். எதிர்ப்புப் பலமாக எழுந்தது. புதுக்கோட்டை மன்னர் தாமே தலையிட்டு 1904-இல் அனுமதி அளித்தார். 1907-இல் சென்னை வைத்தியக் கல்லூரியில் சேர்ந்து, 1912-இல் பதக்கங்களும் பரிசுகளும் பெற்று டொக்டர் பட்டத்தோடு வெளியே வந்தார். 1914-இல் டொக்டர் சுந்தர ரெட்டியை மணந்தபோது, கணவன் மனைவி என்ற முறையில் தம்மைச் சமமாக நடத்த வேண்டும், தம் விருப்பத்துக்குக் குறுக்கே நிற்கக்கூடாது என்று முன்கூட்டியே நிபந்தனை விதித்தார். அவர் அதை ஏற்றார். இறுதிவரை காப்பாற்றவும் செய்தார்.

சட்டசபையும் அவ்வை இல்லமும்

தங்கை இறந்து இரண்டு ஆண்டுகளுக்குப் பின், 1925-இல், பெண்கள் குழந்தைகளின் நோய்களைப் பற்றி மேற்படிப்புப் படிக்க அம்மையார் இங்கிலாந்து சென்றார். அங்கே புற்றுநோய்க்கென்றே தனியாக நடந்த வைத்தியசாலையைக் கண்டார். தம் நாட்டில் மூலையில் கிடத்தி மரணத்துக்குக் காத்திருக்கச் செய்யும் நோயாளரை, அங்கே முறையாகச் சோதித்து, சிகிச்சை செய்து, சிலரை வீட்டுக்கும் அனுப்பி வைக்கிறார்கள் என்று கண்டது அவருக்குப் பெரும் வியப்பு. நோயை வேளையோடு கண்டுபிடித்தால் வெல்லலாம் என்ற நம்பிக்கையோடு நாடு திரும்பினார்.

ஆனால் நாடு அவரை வேறு பணிக்கு அழைத்தது. 1927-இல் சென்னைச் சட்டசபையின் முதல் பெண் உறுப்பினராக அமர்ந்தார். உறுப்பினர்கள் ஒருமனதாக அவரைத் துணைத் தலைவராகவும் தெரிந்தெடுத்தனர். சிறு பெண்களைக் கோவிலுக்குப் பொட்டுக் கட்டி விடும் வழக்கத்தை ஒழிக்கப் போராடினார். அப்போராட்டம் முழுமையான சட்டமாக நிறைவேறியது 1947-இல்தான். 1930-இல் காந்தியடிகள் கைதானபோது சட்டசபைப் பதவியைத் துறந்தார். அவ்வாழ்விலிருந்து தப்பி வந்த பெண் பிள்ளைகள் தங்குவதற்கு இடமின்றித் தவித்தபோது தம் வீட்டுக் கதவைத் திறந்துவிட்டார். அதுவே அவ்வை இல்லம் ஆயிற்று.

இத்தனை வேலைக்கிடையிலும் தங்கையின் முகம் அவர் நெஞ்சை விட்டு அகலவில்லை. 1935-இல் சென்னை வைத்தியக் கல்லூரியின் நூற்றாண்டு விழாவில், புற்றுநோயாளருக்கென ஒரு வைத்தியசாலை அமைக்க வேண்டும் என்ற தம் ஆசையை வெளியிட்டார். கேட்டவர்கள் மரியாதையாகத் தலையசைத்தார்கள், காரியம் நடக்கவில்லை. புற்றுநோய் வந்தால் சாவுதானே, அதற்கு எதற்குத் தனி வைத்தியசாலை என்பதே அதிகாரத்தில் இருந்தோரின் எண்ணமாக இருந்தது. அம்மையார் சளைக்கவில்லை. 1949-இல் இந்திய மாதர் சங்கத்தின் சார்பில் புற்றுநோய் நிவாரண நிதி தொடங்கினார். கதவு கதவாகத் தட்டிப் பணம் திரட்டினார். மகன் டொக்டர் கிருஷ்ணமூர்த்தியும் வெளிநாட்டில் புற்றுநோய் வைத்தியம் பயின்று வந்து தாயோடு தோள் கொடுத்தார். 1952 ஒக்டோபர் 10-இல் பிரதமர் நேரு அடிக்கல் நாட்டினார். 1954 யூன் 18-இல் வைத்தியசாலை வேலை தொடங்கியது.

அன்று அங்கே இருந்தவை பன்னிரண்டு கட்டில்கள். கட்டிடம் என்று சொல்லத்தக்கது ஒரு சிறு குடில். அடுத்த ஆண்டு டொக்டர் சாந்தா என்னும் இளம் பெண் வைத்தியர் வந்து சேர்ந்தார். 2021-இல் இறக்கும்வரை அவ்விடமே அவருக்கு வீடாக இருந்தது. அம்மையாரின் பணியைப் பாராட்டி 1956-இல் இந்திய அரசு பத்மபூஷண் விருது அளித்தது. 1968 யூலை 22-இல், எண்பத்திரண்டாவது பிறந்த நாளுக்கு எட்டு நாட்கள் இருக்கையில், முத்துலட்சுமி அம்மையார் கண்மூடினார். அவர் விட்டுச் சென்ற அடையாறு புற்றுநோய் நிலையத்துக்கு இன்று இந்தியாவின் பல பாகங்களிலிருந்தும் ஏழை எளியவர் வருகிறார்கள்.

இவ்வளவோடு இவ்வரலாற்றை முடித்துவிடலாம். ஆனால் சுந்தராம்பாளின் மரணத்தில் இன்னொரு கேள்வி மறைந்து கிடக்கிறது. இளவயதில் ஒருவருக்குக் குடலில் புற்று வந்தால் இன்றைய வைத்தியர் முதலில் கேட்கும் கேள்வி அது: உங்கள் குடும்பத்தில் இதற்கு முன் யாருக்கேனும் இது வந்ததுண்டா?

குடும்பத்தில் வரும் புற்று

1895-இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் வார்த்தின் என்னும் வைத்தியப் பேராசிரியரிடம் ஒரு தையற்காரப் பெண், தம் வீட்டார் பலரும் வயிற்றிலோ கருப்பையிலோ புற்று வந்தே இறந்தார்கள், தாமும் அப்படியே இறப்பேன் என்று கூறினார். பேராசிரியர் அதை வீண் பயம் என்று தள்ளிவிடவில்லை. அக்குடும்பத்தின் வம்ச வரலாற்றை ஆண்டுக்கணக்காகத் திரட்டி 1913-இல் வெளியிட்டார். அப்பெண் அஞ்சியபடியே கருப்பைப் புற்றினால் இளவயதிலேயே மாண்டார். பிற்காலத்தில் டொக்டர் லிஞ்ச் என்பவர் இத்தகைய குடும்பங்களை ஆராய்ந்து எழுதினார். அவர் பெயராலேயே இது லிஞ்ச் நோய்க்குறி என்று இன்று அழைக்கப்படுகிறது. குடற்புற்றும் கருப்பைப் புற்றும் இளவயதில் தாக்கும் பரம்பரை நோய் இது.

இதற்குக் காரணம் என்ன? நம் உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும், அது எப்படி வளர வேண்டும், எப்போது நிற்க வேண்டும் என்ற கட்டளைகள் எழுதப்பட்டுள்ளன. அவற்றைப் பரம்பரை அலகுகள் அல்லது மரபணுக்கள் என்கிறோம். ஒவ்வொரு கட்டளைக்கும் இரண்டு பிரதிகள் உண்டு. ஒன்று தகப்பன் கொடுத்தது, மற்றது தாய் கொடுத்தது. பரம்பரை இயல்புகள் இப்படி இரட்டையாக வந்து ஒன்றொன்றாகப் பிரிந்து செல்கின்றன என்ற விதியை உலகுக்கு முதலில் காட்டியவர், நம் திருச்சபையின் துறவியான கிரகோர் மெண்டல். அகுஸ்தீனார் சபைக் குருவாகிய அவர், புரூண் நகரத்து மடத்துத் தோட்டத்தில் பட்டாணிச் செடிகளை வளர்த்து ஆராய்ந்து 1866-இல் கட்டுரை வெளியிட்டார். 1884-இல் அவர் இறந்து பதினாறு ஆண்டுகள் சென்ற பின்னரே உலகம் அதன் அருமையை உணர்ந்தது.

இக்கட்டளைகளுள் சில, உயிரணுவில் ஏற்படும் பழுதுகளைச் செப்பனிடும் காவலாளிகள். அக்காவலாளியின் எழுத்தில் பிழை ஏற்பட்டால் அதை விகாரம் என்பார்கள். பெரும்பாலான புற்றுநோய்களில் இந்த விகாரங்கள் வாழ்நாளில், வயது முதிர்வினாலும் புகையிலை போன்றவற்றாலும் உண்டாகின்றன; அவை பிள்ளைகளுக்குப் போவதில்லை. ஆனால் நூறு புற்றுநோயாளரில் ஐந்து முதல் பத்துப் பேர்வரை, பிறக்கும்போதே அந்தப் பிழையோடு பிறந்தவர்கள். அத்தகைய பெற்றோரின் ஒவ்வொரு பிள்ளைக்கும் அப்பிழை வருவதற்கு இரண்டில் ஒரு பங்கு வாய்ப்பு உண்டு. மகன் என்றும் மகள் என்றும் அதற்கு வேறுபாடு இல்லை.

மார்பகப் புற்றோடு தொடர்புடைய இத்தகைய இரு அலகுகள் 1994-இலும் 1995-இலும் கண்டறியப்பட்டன. பீ.ஆர்.சீ.ஏ. ஒன்று, பீ.ஆர்.சீ.ஏ. இரண்டு என்று அவற்றுக்குப் பெயர். இவற்றில் விகாரம் உள்ள நூறு பெண்களில் சுமார் எழுபது பேருக்கு எண்பது வயதுக்குள் மார்பகப் புற்று வரக்கூடும் என 2017-இல் வெளிவந்த பெரிய ஆய்வொன்று கணித்தது. முதலாவது அலகில் பிழை இருந்தால் நூற்றுக்கு நாற்பதுக்கு மேற்பட்டோருக்குச் சூலகப் புற்றும் வரலாம். இரண்டாவதில் இருந்தால் பதினேழு பேருக்கு. இப்பிழையைச் சுமக்கும் ஆண்களுக்குச் சுக்கிலச் சுரப்பிப் புற்றும், அரிதாக மார்பகப் புற்றும் வருவதுண்டு. தமக்கு நோயே வராத ஒரு தகப்பனும் அதைத் தம் மகளுக்குக் கொடுத்துவிடலாம். தந்தை வழி அத்தைக்கு வந்த நோய் நமக்கு எதற்கு என்று நினைப்பது தவறு.

முத்துலட்சுமி அம்மையார் தொடங்கிய அடையாறு நிலையத்திலேயே, இந்த நூற்றாண்டின் தொடக்க ஆண்டுகளில், தென்னிந்தியக் குடும்பங்களின் இரத்தத்தைச் சோதித்து இவ்விகாரங்களைக் கண்டறிந்தார்கள். நம் மூதாதையர் புறப்பட்டு வந்த தமிழ் மண்ணின் குடும்பங்களும் அவற்றில் அடங்கும். இது வெள்ளைக்காரருக்கு வரும் வியாதி என்று நாம் ஒதுக்கிவிட முடியாது.

இரண்டு வகைச் சீதனம்

ஆயினும் நம் தோட்டங்களில் ஒரு குடும்பத்தில் பலருக்குப் புற்று வந்தால் அதெல்லாம் இரத்தத்தில் வந்ததென்று முடிவு கட்டிவிடக் கூடாது. பாட்டிக்கு வாயில் புற்று, மகளுக்கும் வாயில் புற்று என்றால், பாட்டி மகளுக்குக் கொடுத்தது இரத்தத்தைவிட வெற்றிலைப் பையாகவே இருக்கக்கூடும். குளிரிலும் மழையிலும் கொழுந்து பறிக்கும் கைகளுக்கு வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, புகையிலை நால்வரும் உற்ற துணையாகிவிட்டார்கள். பாக்கு மட்டுமே தனியாகப் புற்றை உண்டாக்க வல்லது என்று உலக சுகாதார நிறுவனத்தைச் சேர்ந்த புற்றுநோய் ஆராய்ச்சி அமைப்பு 2004-இல் அறிவித்தது. ஆதலால் புகையிலையை விட்டுவிட்டுப் பாக்கை மட்டும் மெல்லுகிறேன் என்பதும் பாதுகாப்பு ஆகாது. வாயில் வெள்ளைத் தழும்போ சிவந்த தழும்போ, இரண்டு மூன்று வாரமாக ஆறாத புண்ணோ, வாயை முன்போல் திறக்க முடியாத இறுக்கமோ இருந்தால் உடனே பல் வைத்தியரிடம் காட்ட வேண்டும்.

வெற்றிலைப் பையைப் பிள்ளைகளுக்குக் கொடுக்காமல் விடலாம். அது நம் கையில் இருக்கிறது. இரத்தத்தில் வருவதை அப்படித் தடுக்க முடியாது. ஆனால் அதை அறிந்துகொண்டால் நோய் முற்றுமுன் பிடித்துவிடலாம்.

அறிந்துகொள்வதற்கு நமக்கு ஒரு தனி இடையூறு உண்டு. 1964-ஆம் ஆண்டின் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தம் ஐந்து இலட்சத்து இருபத்தையாயிரம் பேரை இந்தியாவுக்கும் மூன்று இலட்சம் பேரை இலங்கைக்கும் என்று பங்கு போட்டது. அக்காள் கூடலூருக்கோ கோத்தகிரிக்கோ போனாள். தம்பி மடுல்சீமையில் நின்றுவிட்டான். பிறகு கடிதப் போக்குவரத்தும் குறைந்தது. அக்காள் நாற்பது வயதில் மார்புக் கட்டியால் இறந்தாள் என்ற செய்தி இங்கே வந்தாலும், எதனால் இறந்தாள் என்பது வருவதில்லை. ஒரே இரத்தம் கடலின் இருபுறமும் ஓடுகிறது; எச்சரிக்கை மட்டும் ஒருபுறத்திலேயே நின்றுவிடுகிறது. கையில் தொலைபேசி வந்துவிட்ட இக்காலத்தில் அந்தக் குறையை நாம் தீர்த்துக்கொள்ளலாம். திருமண வீட்டிலும் நினைவுத் திருப்பலி நாளிலும் உறவினர் கூடும்போது, பெரியம்மா எந்த நோயால் இறந்தார், எந்த வயதில் என்று ஒரு கொப்பியில் எழுதி வைக்கலாம்.

எந்தக் குடும்பங்கள் கவனமாயிருக்க வேண்டும்? ஐம்பது வயதுக்கு முன் மார்பகப் புற்றோ குடற்புற்றோ வந்தவர் இருந்தால். ஒரே பக்கத்து உறவில் இரண்டு மூன்று பேருக்கு இந்நோய்கள் வந்திருந்தால். சூலகப் புற்று வந்தவர் இருந்தால். ஒருவருக்கே இரு மார்பிலும் அல்லது இரு வகைப் புற்று வந்திருந்தால். ஆண் ஒருவருக்கு மார்பகப் புற்று வந்திருந்தால், அதை வைத்தியரிடம் சொல்ல வேண்டும். தோட்டத்து மருத்துவ உதவியாளரிடமோ குடும்ப நல மாதுவிடமோ தொடங்கலாம். பெண்களுக்கான சுவநாரி கிளினிக்குகளில் மார்பகத்தையும் கருப்பைக் கழுத்தையும் சோதிக்கிறார்கள். பதுளை வைத்தியசாலையிலும் புற்றுநோய்ப் பிரிவு உண்டு. மகரகமவில் தேசிய புற்றுநோய் வைத்தியசாலை உண்டு. கொழும்புப் பல்கலைக்கழக வைத்திய பீடத்தில் 1983 முதல் பிறப்புரிமையியல் பிரிவொன்று இயங்கிவருகிறது. பரம்பரைச் சோதனை அவசியமானால், முதலில் சோதிக்க வேண்டியவர் நோய் கண்டவரே. அவரிடம் விகாரம் கண்டறியப்பட்டால், பிறகு பிள்ளைகளையும் சகோதரரையும் சோதிப்பது எளிது. வராதவர்கள் நிம்மதி அடையலாம். வந்தவர்கள் இளவயதிலிருந்தே ஒழுங்காகச் சோதித்து வரலாம்; குடலைக் கருவி கொண்டு சோதித்து, புற்றாக மாறுமுன்னே முளைகளை அகற்றிவிடலாம்.

மறைப்பதா, சொல்வதா?

நம் வீடுகளில் இந்நோயை மறைத்து வைப்பதற்குப் பெரிய காரணம் ஒன்று உண்டு. அது பெண் பிள்ளைகளின் கலியாணம். தாய்க்குப் புற்று என்று தெரிந்தால் மகளைக் கேட்டு யாரும் வரமாட்டார்கள் என்று பயப்படுகிறோம். அந்தப் பயத்தைச் சிரித்துத் தள்ளிவிட முடியாது. அதனால் கண்ணீர் வடித்த குடும்பங்கள் உண்டு. ஆனால் மறைத்ததால் அந்த மகள் தன் மார்பில் கட்டி தோன்றும்போது அதையும் மறைக்கிறாள். சின்னக் கட்டிதான் என்று இரண்டு வருடம் பொறுத்திருக்கிறாள். மாப்பிள்ளை வீட்டாருக்கு அஞ்சி நாம் காத்த இரகசியம் அவள் உயிரையே கொண்டுபோய்விடுகிறது. பரம்பரை விகாரம் யாரும் செய்த குற்றத்தின் கூலி அன்று. அதைச் சாபம் என்பதும், முன்னோர் பாவம் என்பதும் அறியாமை. பிறவிக் குருடனைக் கண்டு, யார் செய்த பாவம் என்று சீடர்கள் கேட்டபோது நம் ஆண்டவர் அந்தக் கேள்வியையே மறுத்துவிட்டதை நாம் மறக்கக் கூடாது. அப்பிழை இருப்பதால் ஒரு பெண்ணோ ஆணோ திருமணத்துக்குத் தகுதியற்றவர் ஆகிவிடுவதில்லை. பிழை இருந்தும் நோயே காணாமல் முதுமை அடைந்தோரும் உண்டு.

முத்துலட்சுமி அம்மையாரின் வாழ்வு இங்கேதான் நமக்கு வழி காட்டுகிறது. புற்று என்ற சொல்லையே வாய்விட்டுச் சொல்ல அஞ்சிய காலம் அது. அவரும் தம் வீட்டுத் துயரத்தை வீட்டோடு புதைத்திருக்கலாம். யார் கேட்டார்கள்? ஆனால் தம் தங்கை இன்ன நோயால், அது தெரியாமல் போனதால் இறந்தாள் என்று அவர் மேடைகளில் சொன்னார், அதிகாரிகளிடம் சொன்னார், நிதி கேட்டுச் சென்ற வாசல்களிலெல்லாம் சொன்னார். அவர் மறைக்காததால் பன்னிரண்டு கட்டில்கள் கிடைத்தன. பின்னர் பல்லாயிரம் பேருக்கு உயிர் கிடைத்தது.

நமக்கு வைத்தியசாலை கட்டும் வல்லமை இல்லாதிருக்கலாம். ஆனால் இன்றிரவு செபமாலை முடிந்தபின், வீட்டில் மூத்தவர் ஒருவரிடம், தாத்தாவும் பாட்டியும் எதனால் இறந்தார்கள் என்று பிள்ளைகள் கேட்கட்டும். மூத்தவர்களும் மறைக்காமல் சொல்லட்டும்.